மூலை மழுங்கிய எழுத்துகள்

விண்வெளிக் கதை சொல்லும் திரைப்படங்களில் ராக்கெட் வருவதற்கு முன்பே எதிர்காலம் வந்துவிடுகிறது. கறுப்புத் திரையில் அகன்று படர்ந்த, கனமான, மூலைகள் மழுங்கிய ரோமன் எழுத்துகளில் படத்தின் பெயர் தோன்றும். கதை நடப்பது நம் காலத்தில் இல்லை என்று பார்ப்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும். விண்கலத்தின் கதவு எண், கணினித் திரையில் ஒளிரும் எச்சரிக்கை, வீரரின் உடையில் பொறித்த பெயர் என்று படம் முழுக்க அதே சாயல் தொடரும். வீடியோ கேம் அட்டைகளிலும் மின்னணுக் கருவிகளின் முகப்பிலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சாயலைப் பிரபலமாக்கிய எழுத்துரு யூரோஸ்டைல். பிறந்த ஊர் இத்தாலியின் டூரின். பிறந்த ஆண்டு 1962. அதற்குப் பிறகு கணினி அறையளவிலிருந்து உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பிவிட்டான். ஆனால் இனி வரப்போகும் காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் வடிவமைப்பாளர்கள் இன்றும் 60 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வடிவத்தையே நாடுகிறார்கள்.

ஒரு கோட்டின் வளைவு காலத்தைச் சொல்லுமா? சொல்லும் என்றால், எப்படி? இதற்கான விடையில் வடிவியல் இருக்கிறது, கண்ணாடியும் அலுமினியமும் உடையும் விதம் இருக்கிறது, மனித மூளை கற்றுக்கொள்ளும் விதமும் இருக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டூரின் நகரத்து ஆலை

1950களில் அச்செழுத்து என்பது கையில் எடுத்து எடைபோடக்கூடிய பொருள். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகத்தை உருக்கி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வார்ப்பார்கள். அச்சகத்தில் கம்பாசிட்டர் அவற்றைப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரிவரியாகக் கோப்பார். இப்படி எழுத்து வார்த்து விற்ற இத்தாலிய ஆலைகளில் முதன்மையானது டூரினில் இருந்த நெபியோலோ. அச்சு இயந்திரங்களையும் அது தயாரித்தது.

நெபியோலோவின் கலைக்கூடத்தை நடத்திவந்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டி. அவரிடம் பணிபுரிந்து, பிறகு அதே பொறுப்புக்கு வந்தவர் 1920-இல் பிறந்த ஆல்டோ நொவரேசே. இருவரும் சேர்ந்து 1952-இல் மைக்ரோகிராமா என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். அதில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. நிறுவனப் பெயர், விளம்பரத் தலைப்பு போன்ற சில சொற்களை எடுப்பாகக் காட்டுவதே அதன் வேலை என்பதால் சிறிய எழுத்துகள் தேவைப்படவில்லை.

புட்டி 1959-இல் காலமானார். நொவரேசே மைக்ரோகிராமாவை மறுபடி கையில் எடுத்து, சிறிய எழுத்துகளைச் சேர்த்து, குறுகியது, இயல்பானது, அகன்றது, தடித்தது என்று ஒரு குடும்பமாக விரித்தார். 1962-இல் அது யூரோஸ்டைல் என்ற பெயரில் வெளியானது. உலோக அச்சில் ஒவ்வோர் அகலத்தையும் ஒவ்வொரு தடிமனையும் புதிதாக வரைந்து, புதிதாக வார்க்க வேண்டும். அந்தப் பெரிய குடும்பத்தில் திரைப்படங்கள் சுவீகரித்துக்கொண்ட பிள்ளை, தடித்து அகன்ற வகை.

ஊரின் சூழலையும் சொல்ல வேண்டும். டூரின், ஃபியட் கார் ஆலையின் நகரம். ஃபியட்டின் புதிய 500 வகைக் கார் 1957-இல் வெளிவந்தது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்ரேயாவில் ஒலிவெட்டி நிறுவனம் தட்டச்சுப் பொறிகளைச் செய்துகொண்டிருந்தது; 1959-இல் எலியா 9003 என்ற கணினியையும் அது அறிமுகப்படுத்தியது. போரில் நொறுங்கிய நாடு இயந்திரங்களின் துணையோடு எழுந்து நின்ற காலம் அது. அந்த இயந்திரங்களின் மீது பெயர் பொறிக்க, அவற்றின் உடலுக்குப் பொருந்தும் எழுத்து தேவைப்பட்டது.

வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே

யூரோஸ்டைலின் ‘ஓ’ எழுத்தைப் பாருங்கள். தமிழ் ஓகாரத்தைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தின் பெரிய ‘ஓ’. அதற்கு முந்தைய புகழ்பெற்ற வடிவியல் எழுத்துருவான ஃப்யூச்சுராவில் அது ஏறக்குறைய முழு வட்டம். பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் ஜெர்மனியில் வெளிவந்த எழுத்துரு அது. யூரோஸ்டைலின் ‘ஓ’ வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நான்கு பக்கங்களும் நேர்கோடு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் மிக லேசாகப் புடைத்திருக்கும். மூலைகள் மெதுவாகத் திரும்பும்.

கணிதத்தில் இந்த வடிவத்துக்கு ஒரு குடும்பம் உண்டு. வட்டத்தின் மையத்திலிருந்து அதன் மேல் உள்ள ஒரு புள்ளிக்குக் கிடைவாக எவ்வளவு தொலைவு, செங்குத்தாக எவ்வளவு தொலைவு என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தப் புள்ளியிலும் ஒரே எண் வரும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது. வர்க்கப்படுத்துவது என்றால் 2 என்ற அடுக்குக்கு உயர்த்துவது. அந்த 2-க்குப் பதிலாக 2.5, 3, 4 என்று அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் வட்டம் மூலைகளை நோக்கி உப்பத் தொடங்கும். அடுக்கு எல்லையில்லாமல் வளர்ந்தால் சதுரமாகவே ஆகிவிடும். பிரெஞ்சுக் கணிதர் கேப்ரியேல் லாமே 1818-இல் இந்த வளைவுகளை ஆராய்ந்தார்.

சதுரத்துக்குள் வரைந்த வட்டம் அந்தச் சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதத்தை நிரப்பும். அடுக்கு 2.5 ஆனால் 84.5 சதவீதம். அடுக்கு 4 ஆனால் 92.7 சதவீதம். ஒரே உயரம், ஒரே அகலத்துக்குள் எழுத்தின் உள்வெளி கூடிக்கொண்டே போகிறது. அகன்ற எழுத்துகள் சிறிய அளவில் அச்சானாலும் அடைத்துப்போகாமல் திறந்து தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இந்த வளைவை உலகம் முழுக்கப் பேசவைத்தவர் டென்மார்க்கின் பியட் ஹைன். ஸ்டாக்ஹோமின் செர்கெல் சதுக்கத்தில், ஒரு செவ்வக வெளிக்குள் வாகனங்கள் சுற்றிச் செல்லும் பாதைக்கு வடிவம் தேவைப்பட்டது. நீள்வட்டம் போட்டால் மூலைகள் வீணாகும். செவ்வகத்தின் மூலைகளில் கால்வட்டங்களைப் பொருத்தினால் வண்டி திடீரென்று திரும்ப வேண்டிவரும். 1959-இல் ஹைன் 2.5 என்ற அடுக்கைத் தேர்ந்தெடுத்து இரண்டு சிக்கல்களையும் தீர்த்தார்.

அந்த இரண்டாவது சிக்கல் எழுத்துக்கும் நேரடியாகப் பொருந்தும். நேர்கோட்டில் வளைவு சுழியம். வட்ட வில்லில் வளைவு ஒரு குறிப்பிட்ட மாறாத அளவு. இரண்டையும் ஒட்டினால் ஒட்டுமிடத்தில் வளைவு சுழியத்திலிருந்து அந்த அளவுக்கு ஒரே தாவலாகத் தாவும். ரயில் பாதையை இப்படிப் போட்டால் பயணிகள் பக்கவாட்டில் உலுக்கப்படுவார்கள்; அதனால்தான் பொறியாளர்கள் நேர்ப்பாதைக்கும் வட்டப்பாதைக்கும் இடையே, படிப்படியாக வளையும் இணைப்புப் பாதை ஒன்றைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கும் அந்த உலுக்கல் தெரியும். எங்கே பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஒட்டுப்போட்ட மூலை மலிவான வேலையாகத் தோன்றும். லாமேயின் வளைவில் தாவல் கிடையாது. 2013-இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனம் தன் செயலிச் சின்னங்களின் மூலைகளைத் தொடர்ந்து வளையும் வகையாக மாற்றியதும் இந்த நயத்துக்காகத்தான்.

நொவரேசே சமன்பாடு போட்டு எழுத்து வரையவில்லை. அவரிடம் இருந்தது தாளும் தூரிகையும் பயிற்சிபெற்ற கையும். மைக்ரோகிராமா வந்த அதே 1952-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸாப்ஃப் வெளியிட்ட மெலியோர் எழுத்துருவிலும் இதே வகை வளைவுகள் வந்தன. பல நாடுகளில் பல கைகள் ஒரே வடிவத்தை நோக்கி நகர்ந்த காலம் அது.

இன்றைய கணினி எழுத்துருக்களில் வளைவுகளைப் பெசியே கோடுகளால் வரைகிறார்கள். பிரான்ஸில் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும் சித்ரோயென் நிறுவனத்தின் பால் த காஸ்தெல்ஜோவும் கார் உடல்களை வடிவமைப்பதற்காகத் தனித்தனியே கண்ட முறை அது. வளைவின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி நீளும். அதை இழுத்தால் வளைவு மாறும். கால்வட்டம் வேண்டுமானால் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் சுமார் 0.55 பங்கு இருக்க வேண்டும். 0.9 வரை இழுத்தால் லாமேயின் 4-ஆம் அடுக்கை ஏறக்குறைய எட்டிவிடலாம். அந்த 0.55-க்கும் 0.9-க்கும் இடையில்தான் வட்ட எழுத்துக்கும் விண்கல எழுத்துக்கும் உள்ள தூரம் அடங்கியிருக்கிறது.

காற்று வரைந்த வடிவம்

மூலை மழுங்கிய செவ்வகம் 1950களில் ஏன் புதுமையின் முகமானது? வடிவமைப்பாளர்களின் ரசனை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதி விடைதான். மீதியைச் சொல்வது இயற்பியல்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பிக்சர் டியூபை நினைத்துப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், வெளியே காற்று. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 40 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட திரையென்றால் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். அதாவது வரவேற்பறையில் இருந்த அந்தக் கண்ணாடி, இரவும் பகலும் 1.2 டன் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும். வளைந்து இழுபடுவதைத் தாங்காது. கூர்மூலை வைத்தால் இழுவிசை அங்கே குவிந்து விரிசல் விழும். ஆரம்பகாலக் குழாய்களின் முகம் வட்டமாக இருந்ததற்கு இதுவே காரணம். படத்தின் செவ்வக வடிவத்துக்கு ஏற்பக் குழாயைச் செவ்வகமாக்கியபோதும் மூலைகளை உருட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. பக்கங்களும் லேசாகப் புடைத்திருந்தன. அந்தத் திரையின் வெளிக்கோட்டையும் யூரோஸ்டைலின் ‘ஓ’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவு விளங்கும்.

விமானங்களில் இதே பாடம் உயிர்களை விலையாகக் கேட்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒரு காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸுக்கு அருகே விழுந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஆய்வாளர்கள் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது உள்ளழுத்தம் ஏறி இறங்குவதுபோல மறுபடி மறுபடி அழுத்தினார்கள். உடல் பிளந்தது. கடலிலிருந்து மீட்ட பாகங்களில், வானொலிக் கருவிக்காக மேற்கூரையில் வெட்டியிருந்த திறப்பின் அருகே விரிசல் தொடங்கியது தெரிந்தது. திறப்புகளின் மூலைகளில் தகைவு, அதாவது உலோகம் தாங்கும் உள்விசையின் செறிவு, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குவிந்திருந்தது.

ஏன் குவிகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த கணக்கு. இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத்துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். 1913-இல் ஆங்கிலப் பொறியாளர் சார்ல்ஸ் இங்லிஸ் நீள்வட்டத் துளைகளுக்கான கணக்கைப் போட்டுக் காட்டினார்: ஓரம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தகைவு. மூலை பெரிதாக உருண்டிருந்தால் விசை சிதறிப் பரவும். காமெட்டுக்குப் பிறகு வந்த ஜெட் விமானங்களில் சன்னல் மூலைகள் தாராளமாக உருண்டன.

இப்படி, அந்தக் காலத்தில் மக்கள் கண்ட புதிய பொருள்களில் பலவும் ஒரே வெளிக்கோட்டுடன் வந்தன. தொலைக்காட்சித் திரை, ஜெட் விமானத்தின் சன்னல், விண்கலத்தின் கதவு எல்லாமே அழுத்த வேறுபாட்டை எதிர்கொள்ளும் பொருள்கள். காற்றுக்கும் வெற்றிடத்துக்கும் இடையே எல்லையாக நிற்கும் எதுவும் மூலையை மழுக்கிக்கொண்டே தீரும். ஆகவே விண்வெளி யுகத்தின் வடிவம் என்று நாம் உணர்வது வெறும் அலங்காரம் அல்ல. மூலையில் விரிசல் விழாமலிருக்கப் பொறியாளர்கள் செய்த ஏற்பாட்டை எழுத்து வாங்கிக்கொண்டது.

அளவுகோலும் கண்ணும்

வடிவியல் எழுத்துரு என்றால் ஸ்கேலும் காம்பசும் வைத்து வரைந்தது என்று எண்ணத் தோன்றும். அப்படி வரைந்தால் எழுத்து கோணலாகத் தெரியும் என்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம்.

ஒரே தடிமனில் ஒரு கிடைக்கோடும் ஒரு நிமிர்கோடும் வரைந்தால் கிடைக்கோடு தடிமனாகத் தெரியும். எனவே சீரான தடிமன் கொண்டதுபோல் தோன்றும் எழுத்துருக்களில் கிடைக்கோடுகளைச் சற்று மெலிதாக வரைவார்கள். ‘ஹெச்’ எழுத்தின் நடுக்கோட்டைச் சரிபாதி உயரத்தில் வைத்தால் கீழே சரிந்ததுபோல் தெரியும். கொஞ்சம் மேலே தூக்கி வைப்பார்கள். முழு வட்டமான ‘ஓ’வைத் தட்டையான ‘ஹெச்’சின் உயரத்துக்கே வரைந்தால் குட்டையாகத் தெரியும், எனவே மேலும் கீழும் ஒன்றிரண்டு சதவீதம் வெளியே நீட்டுவார்கள். மூலை மழுங்கிய சதுர ‘ஓ’வுக்கு மேற்பகுதி ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் அந்த நீட்டல் குறைவாகவே போதும். வரியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தண்டவாளம் போட்டதுபோல் நேராகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

அகலத்திலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பண்டைய ரோமானியக் கல்வெட்டுகளில் ‘ஈ’, ‘எஃப்’, ‘எல்’ போன்றவை குறுகலானவை. ‘ஓ’வும் ‘கியூ’வும் அகலமானவை. வாசிக்கும்போது குறுகலும் அகலமும் மாறிமாறி வந்து ஒரு நடையை உண்டாக்கும். யூரோஸ்டைலின் அகன்ற வகையில் பெரும்பாலான எழுத்துகள் ஒரே பெட்டிக்குள் நிரம்பியவைபோல் இருக்கும். ஒரே அச்சில் வார்த்த இயந்திர பாகங்களை வரிசையாக அடுக்கிய உணர்வு அதிலிருந்து பிறக்கிறது.

கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கும் வழக்கம் ஏன் தவறு என்பதும் இங்கே விளங்கும். ஓர் எழுத்தை 150 சதவீத அகலத்துக்கு இழுத்தால் நிமிர்கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும்; கிடைக்கோடுகளின் தடிமன் மாறாது. வளைவுகள் பக்கங்களில் வீங்கும். வடிவமைப்பாளர் கண்ணுக்காகச் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் குலைந்துபோகும். அகன்ற எழுத்துருவை அகலமாகவே வரைய வேண்டும். அதனால்தான் நெபியோலோவில் ஒவ்வோர் அகலத்துக்கும் புதிய வரைபடம் போட்டார்கள்.

மூளை கற்றுக்கொண்ட எதிர்காலம்

வடிவத்தின் கதை இதுவரை. அந்த வடிவத்தைப் பார்த்ததும் ஓர் உணர்வு எழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

வடிவங்களோடு உணர்வுகளை இணைக்கும் இயல்பு மனிதர்களிடம் பொதுவாகவே இருக்கிறது. வளைந்து நெளிந்த ஓர் உருவத்தையும் கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றில் ‘பௌபா’ எது, ‘கிகி’ எது என்று கேட்டால் பெரும்பாலோர் வளைந்ததையே ‘பௌபா’ என்பார்கள். சென்ற நூற்றாண்டில் உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் வேறு சொற்களை வைத்து இதைத் தொடங்கினார். 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுவோரையும் குறிப்பிட்டு எழுதியபோது, இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் ஒரே விடை சொன்னதாகப் பதிவுசெய்தார்கள். ஒலிக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு ஒரு மொழிக்குள் மட்டும் அடங்குவதில்லை என்பதற்கு அது ஒரு சான்று. எழுத்துருக்களிலும் இப்படி நடக்கிறது. இன்ன பண்டத்துக்கு இன்ன எழுத்து பொருந்தும் என்று மக்கள் கருதுவதை உளவியலாளர்கள் 1920களிலிருந்தே ஆராய்ந்துவருகிறார்கள்.

ஆனால் ‘எதிர்காலம்’ என்பது வளைவு, கூர்மை போன்ற எளிய உணர்வு அல்ல. அதைப் பழக்கம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்குத் தெளிவான சான்று நம் வங்கிக் காசோலையின் அடியில் இருக்கிறது. அங்கே அச்சாகியிருக்கும் எண்கள் சில இடங்களில் விசித்திரமாகத் தடித்திருக்கும். ஈ-13பி என்ற அந்த எழுத்து வகை 1950களில் அமெரிக்க வங்கிகளுக்காக உருவானது. காந்தத்தன்மை கொண்ட மையில் அச்சிட்ட எண், படிக்கும் கருவியைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மின்னலையை எழுப்ப வேண்டும். அந்த அலைகள் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்கவே தடிமனைக் கூட்டிக் குறைத்தார்கள். அதில் பத்து எண்களும் நான்கு குறியீடுகளும் உண்டு, அகரவரிசை கிடையாது.

1960களிலும் 70களிலும் வடிவமைப்பாளர்கள் அந்தத் தடிப்புகளை முழு அகரவரிசைக்கும் ஒட்டவைத்து வெஸ்ட்மின்ஸ்டர், டேட்டா 70 போன்ற எழுத்துருக்களைச் செய்தார்கள். எந்த இயந்திரமும் அவற்றைப் படிக்கவில்லை. தடிப்புகளுக்கு வேலையே இல்லை. ஆனாலும் மக்கள் அவற்றைப் பார்த்ததும் ‘கணினி’ என்றார்கள். பயன் போன பிறகும் அடையாளம் நின்றுவிட்டது.

யூரோஸ்டைலுக்கு அந்த அடையாளத்தைப் பெருமளவில் கொடுத்தது திரைப்படம். 1968-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ வந்தது. அதில் ஹால் 9000 என்ற கணினியின் திரைகளில் யூரோஸ்டைல் இடம்பெற்றது. விண்வெளிப் பயணம் உண்மையில் எப்படியிருக்கும் என்பதை அவ்வளவு அக்கறையோடு காட்டிய படத்தைப் பின்வந்தவர்கள் பாடநூலாகக் கொண்டார்கள். 1975-இல் வெளியான ‘ஸ்டார் ட்ரெக்’ தொழில்நுட்பக் கையேட்டில் மைக்ரோகிராமா வந்தது. 2009-இல் டங்கன் ஜோன்ஸ் இயக்கிய ‘மூன்’ படத்தின் நிலவுத் தளத்திலும் அதே குடும்பம். அறிவியல் புனைகதைப் படங்களின் எழுத்துகளை ஆராய்ந்து 2018-இல் தனி நூலே எழுதிய டேவ் ஆடி, தடித்து அகன்ற யூரோஸ்டைல் எதிர்காலத்தின் முத்திரையாகிவிட்டதை அதில் படம் படமாகக் காட்டுகிறார். ஒரு படம் இன்னொரு படத்திலிருந்து கற்றது. பார்வையாளர் எல்லாப் படங்களிலிருந்தும் கற்றார்.

உண்மையான விண்வெளி வேறு எழுத்தைப் பயன்படுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் பொறித்திருப்பது ஃப்யூச்சுரா. 1975-இல் நாசா ஏற்றுக்கொண்ட, புழுபோல் வளையும் சிவப்புச் சின்னம் அந்த நிறுவனத்துக்கென்றே வரைந்தது. அதில் ‘ஏ’ எழுத்துகளுக்குக் குறுக்குக்கோடே கிடையாது. அதை 1992-இல் கைவிட்டு, 2020-இல் மறுபடி ராக்கெட் மீது தீட்டினார்கள். நிலவில் நிற்பது ஃப்யூச்சுரா. ஆனால் மக்கள் மனதில் நிலவின் எழுத்தாகப் பதிந்தது யூரோஸ்டைல். நினைவை எழுதியது திரையரங்கு.

தலைப்புக்கு மட்டும்

இத்தனை வலுவுள்ள எழுத்தை நூல் முழுக்க ஏன் பயன்படுத்துவதில்லை? கண்ணின் அமைப்பு அதற்கு இடம்கொடுப்பதில்லை.

நம் விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் மையக்குழி, பார்வையில் சுமார் 2 பாகை மட்டுமே. வாசிக்கும்போது கண் வரியில் தாவித் தாவிச் செல்கிறது. ஆங்கில வாசிப்பில் ஒரு தாவலுக்குச் சராசரியாக 7 முதல் 9 எழுத்துகள். எழுத்து அகலமானால் அந்தக் கூர்மையான வட்டத்துக்குள் குறைவான எழுத்துகளே விழும். வரியில் அடங்கும் சொற்களும் குறையும். மூன்று சொல் தலைப்புக்கு இது பொருட்டில்லை. முந்நூறு பக்க நூலுக்கு இது சுமை.

இன்னொரு சிக்கல், ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள். எல்லாவற்றையும் ஒரே மழுங்கிய சதுரத்துக்குள் அடைத்தால் ‘ஓ’, ‘டி’ (D), ‘கியூ’, பூஜ்ஜியம் நான்கும் நெருங்கிவிடும். ‘பி’யும் (B) எட்டும் நெருங்கிவிடும். ‘சி’, ‘ஜி’ போன்றவற்றின் திறந்த வாய்கள் மூடிக்கொள்ளும். மூளை எழுத்துகளைப் பிரித்தறிவது அவற்றின் வேற்றுமைகளைக் கொண்டுதான். ஒற்றுமை அழகு கூட்டும், வாசிப்பைத் தாமதப்படுத்தும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கார்களின் முகப்புத் திரைகளில் இத்தகைய சதுரச் சாயல் எழுத்துகள் பரவலாக இருந்தன. தொழில்நுட்பத் தோற்றம் தருவதே காரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஏஜ்லேப் ஆய்வகம், எழுத்துரு நிறுவனமான மோனோடைப்புடன் சேர்ந்து 2012-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டது. ஓட்டுநர்கள் கார் ஓட்டும் பாவனைக் கருவியில் அமர்ந்து ஓட்டிக்கொண்டே திரையிலிருந்து பட்டியல்களைப் படிக்க வேண்டும். யூரோஸ்டைலையும், கையெழுத்தின் இயல்பான திறப்புகளைத் தக்கவைத்த ஃப்ரூட்டிகர் என்ற எழுத்துருவையும் ஒப்பிட்டார்கள். ஃப்ரூட்டிகரில் படித்த ஆண்கள் திரையைப் பார்த்த மொத்த நேரம் 10.6 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் அப்படிச் சீரான வேறுபாடு தெரியவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒவ்வொரு கணமும் பல மீட்டர்களைக் கடந்துவிடும் என்பதால் இந்தப் பத்துச் சதவீதத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது.

எதிர்காலத்தைச் சொல்வதில் தேர்ந்த எழுத்து, நிகழ்காலத்தில் வண்டி ஓட்டுபவருக்குத் தகவல் சொல்வதில் பின்தங்கியது. இது அந்த எழுத்துருவின் குறை என்று நான் கருதவில்லை. தலைப்புக்காகப் பிறந்ததைத் தகவல் பலகைக்கு இழுத்துவந்தவர்களின் பிழை அது. மைக்ரோகிராமாவுக்குச் சிறிய எழுத்துகளே வரையாமல் விட்ட டூரின் கலைஞர்கள் அந்த எல்லையை அறிந்தே இருந்தார்கள்.

மீட்டெடுத்த வளைவு

உலோகத்திலிருந்து ஒளிப்பட அச்சுக்கும், அதிலிருந்து கணினிக்கும் மாறியபோது யூரோஸ்டைலுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. நொவரேசே கையால் கொடுத்த அந்த மெல்லிய புடைப்பு மறைந்து, பக்கங்கள் வெறும் நேர்கோடுகளாயின. 2008-இல் லினோடைப் நிறுவனத்தின் அகிரா கோபயாஷி பழைய உலோக அச்சின் வடிவங்களுக்குத் திரும்பிப் போய், அந்த வளைவுகளை மீட்டு யூரோஸ்டைல் நெக்ஸ்ட் என்று வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுள்ள புடைப்புக்காக ஒரு கலைஞர் அவ்வளவு உழைத்தார் என்றால், அந்தப் புடைப்பில்தான் எழுத்தின் உயிர் இருந்தது என்பது பொருள்.

இந்த மரபில் வந்த மிக்ரோமா, ஆர்பிட்ரான் என்ற இரண்டு எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ‘ஓ’வைப் பெரிதாக்கி அச்சிட்டு, கிடைக்கோட்டையும் நிமிர்கோட்டையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிறகு ஏதாவதோர் இயல்பான எழுத்துருவை 150 சதவீத அகலத்துக்கு இழுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். வரைந்த அகலத்துக்கும் இழுத்த அகலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். நம் தெருக்களின் ஃபிளெக்ஸ் பேனர்களில் தமிழ் எழுத்துகள் படும் பாடும் கண்ணில் படத் தொடங்கும். அகன்ற தமிழ்த் தலைப்பு வேண்டுமென்றால் இருக்கும் எழுத்தை இழுக்காதீர்கள். அகலமாகவே வரைந்த எழுத்தைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லையென்றால், வரையத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வரையச் சொல்லுங்கள்.